ஹல் ஹவுஸ்: தெருவிடம் கற்றுக்கொண்ட வீடு

பி.எட். வகுப்பில் ஜான் டூயியைப் படிக்காத ஆசிரியர் நம்மில் இருக்க முடியாது. செய்து கற்றல், பள்ளியும் சமுதாயமும், அனுபவமே கல்வி என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். டூயி 1894 முதல் 1904 வரை அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அந்த ஆண்டுகளில் அவர் அடிக்கடி சென்றுவந்த ஓர் இடம் உண்டு. அதன் அறங்காவலர் குழுவிலும் அவர் இருந்தார். அந்த இடத்தை நடத்திய பெண்மணியின் நினைவாகத் தம் மகளுக்கு ஜேன் என்று பெயர் வைத்தார். நான் படித்த பி.எட். புத்தகத்தில் அந்த இடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒன்பதாம் வகுப்புக்குத் தொழிற்புரட்சிப் பாடம் நடத்தக் கூடுதல் செய்திகள் தேடியபோதுதான் அதைப் பற்றி விரிவாகப் படித்தேன்.

அந்த இடத்தின் பெயர் ஹல் ஹவுஸ். ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு பகுதியில் இரண்டு படித்த பெண்கள் வாடகைக்குக் குடியேறிய வீடு அது. அதன் வரலாற்றில் ஆசிரியர்களாகிய நமக்கு முக்கியமான ஒரு செய்தி இருக்கிறது. உதவி செய்ய வந்தவர்கள் முதலில் அந்தத் தெருவைப் படிக்க வேண்டியிருந்தது. படித்த பிறகுதான் அவர்களுடைய உதவி பயன்பட்டது.

செட்டில்மென்ட் என்றால் என்ன?

செட்டில்மென்ட் என்ற சொல்லைக் கேட்டால் நமக்குப் பத்திரப் பதிவு அலுவலகம்தான் நினைவுக்கு வரும். இங்கே அதற்குப் 'போய்க் குடியேறுதல்' என்று பொருள். வசதியும் படிப்பும் உள்ளவர்கள் ஏழைகள் வாழும் பகுதிக்கே சென்று, அங்கேயே தங்கி, அக்கம்பக்கத்தாராக வாழ்ந்து பணி செய்வதே செட்டில்மென்ட் இயக்கம்.

இது இங்கிலாந்தில் பிறந்தது. தொழிற்புரட்சி லண்டனுக்குச் செல்வத்தைக் கொண்டுவந்தது. நகரின் கிழக்குப் பகுதிக்கு நெரிசலையும் பசியையும் கொண்டுவந்தது. வொயிட்சாப்பல் என்னும் ஏழைப் பகுதியில் பாதிரியாராக இருந்தவர் சாமுவேல் பார்னெட். அவரும் அவர் மனைவி ஹென்றியட்டாவும் 1884-ல் டாய்ன்பீ ஹால் என்ற இல்லத்தைத் தொடங்கினர். ஏழைகளின் கல்விக்காக உழைத்து 1883-ல் தம் முப்பதாவது வயதிலேயே மறைந்த பொருளாதார அறிஞர் ஆர்னால்டு டாய்ன்பீயின் பெயரை அதற்குச் சூட்டினர். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் படித்த இளைஞர்கள் அங்கே தங்கினர். பகலில் தங்கள் வேலைக்குப் போவார்கள். மாலையில் அப்பகுதித் தொழிலாளர்களுக்கு வகுப்பு எடுப்பார்கள், சட்ட உதவி செய்வார்கள்.

அன்று வழக்கத்தில் இருந்த தர்மம் வேறு வகையானது. பணக்காரர் தம் வீட்டிலிருந்தபடி பணம் அனுப்புவார், அல்லது வாரம் ஒருமுறை வண்டியில் வந்து ரொட்டி கொடுத்துவிட்டுப் போவார். வாங்குபவர் யார், ஏன் அவருக்கு அந்த நிலை என்று கொடுப்பவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் குடியிருப்பவருக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. இதுதான் செட்டில்மென்ட் இயக்கத்தின் அடிப்படை.

ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகை

1888-ல் டாய்ன்பீ ஹாலைப் பார்க்க வந்த அமெரிக்கப் பெண் ஜேன் ஆடம்ஸ். 1860-ல் இலினாய் மாநிலத்தின் சீடர்வில் என்ற சிற்றூரில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு முடித்தவர். ஆனால் அக்காலத்தில் படித்த பெண்ணுக்குச் சமூகத்தில் என்ன வேலை என்பது யாருக்கும் தெளிவாக இல்லை. நோயும் குழப்பமுமாகச் சில ஆண்டுகளைக் கழித்திருந்த அவருக்கு லண்டனில் ஒரு வழி தெரிந்தது. ஊர் திரும்பியதும் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து சிகாகோவில் வீடு தேடினார்.

ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு வீடு கிடைத்தது. 1856-ல் சார்லஸ் ஹல் என்ற செல்வந்தர் கட்டியது. அவர் கட்டியபோது அது ஊரின் ஓரம். பிறகு நகரம் அந்த வீட்டைச் சுற்றி வளர்ந்துவிட்டது. இத்தாலி, ஜெர்மனி, போஹீமியா, ரஷ்யா, போலந்து, கிரேக்கம், அயர்லாந்து என்று பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே வாழ்ந்தனர். வீட்டின் உரிமையாளர் ஹெலன் கல்வர் முதலில் வாடகைக்கும், பின்னர் வாடகை இல்லாமலும் அதை அவர்களுக்குக் கொடுத்தார். 1889 செப்டம்பர் 18 அன்று இருவரும் குடியேறினர்.

அப்பகுதி நகரின் 19-வது வார்டில் இருந்தது. ஏறத்தாழ 50,000 மக்கள். பல வீடுகளுக்குக் கழிவுநீர் இணைப்பு கிடையாது. தெருவெங்கும் குதிரைச் சாணமும் குப்பையும். பள்ளி வயதில் ஏறத்தாழ 7,000 குழந்தைகள் இருந்தனர். அரசுப் பள்ளிகளில் இருந்த இருக்கைகள் 3,000-க்கும் குறைவு. மதுக்கடைகளோ 250-க்கும் மேல். இந்த மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, 'இந்த ஊரைப் பற்றி என்ன சொல்வீர்கள்?' என்று கேட்டால் போதும். மாணவர்களே பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள்.

கொடுக்க நினைத்ததும் தேவைப்பட்டதும்

குடியேறிய இருவரும் தங்களிடம் இருந்ததைக் கொடுக்க நினைத்தார்கள். அவர்களிடம் இருந்தது இலக்கியமும் ஓவியமும். ஸ்டார் ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கினார். இத்தாலியைக் களமாகக் கொண்ட ஜார்ஜ் எலியட்டின் 'ரொமோலா' நாவலை அங்கே வாசித்தார்கள். அப்பகுதியின் இளம்பெண்கள் சிலர் ஆர்வமாகவே வந்தார்கள்.

ஆனால் கதவைத் தட்டியவர்கள் கேட்டது வேறு. பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா? பிரசவத்துக்குத் துணைக்கு வர முடியுமா? நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார முடியுமா? இறந்தவரை அடக்கத்துக்குத் தயார் செய்ய உதவ முடியுமா? ஜேன் ஆடம்ஸும் தோழியரும் இவை எல்லாவற்றையும் செய்தார்கள்.

அப்பகுதியில் அவர்கள் கண்ட மூன்று குழந்தைகளைப் பற்றி ஜேன் ஆடம்ஸ் எழுதியிருக்கிறார். மூவரும் தாய் வேலைக்குப் போனபோது வீட்டில் தனியாக இருந்ததால் ஊனமுற்றவர்கள். ஒரு குழந்தை மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்தது. ஒன்று தீக்காயம் பட்டது. மூன்றாவது குழந்தைக்கு முதுகு வளைந்துவிட்டது. நாள் முழுவதும் அதைச் சமையலறை மேசைக் காலில் கட்டிவைத்திருந்தார்கள். மதிய உணவு வேளையில் தொழிற்சாலையிலிருந்து அண்ணன் ஓடிவந்து அவிழ்த்துவிடும் சிறிது நேரம் மட்டுமே அதற்கு விடுதலை.

அந்தத் தாய்க்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை. அவள் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. தேவைப்பட்டது குழந்தைகள் காப்பகம். அதைத் தொடங்கினார்கள். மழலையர் வகுப்பையும் தொடங்கினார்கள். அதில் சில வாரங்களிலேயே 24 குழந்தைகள் சேர்ந்தனர். மேலும் 70 பேர் இடத்துக்காகக் காத்திருந்தனர்.

எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. அப்பகுதி மக்களின் உணவில் சத்துக் குறைவு என்று கண்டு, அறிவியல் முறைப்படி சத்துணவு சமைத்து மலிவு விலைக்கு விற்க ஒரு சமையற்கூடம் திறந்தார்கள். எதிர்பார்த்த அளவு யாரும் வாங்கவில்லை. உணவு சத்தானதுதான், ஆனால் எனக்குப் பிடித்ததைத்தான் சாப்பிடுவேன் என்று ஒரு பெண் வெளிப்படையாகச் சொல்லிவிட்டாராம். ஒவ்வொரு நாட்டவருக்கும் நாக்கில் ஒரு ருசி இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று ஜேன் ஆடம்ஸ் புரிந்துகொண்டார். ஆனால் அதே இடத்தில் நடந்த காபிக் கடைக்கு மக்கள் வந்தார்கள். மதுக்கடையைத் தவிர உட்கார்ந்து பேச வேறு இடம் இல்லாதவர்களுக்கு அது தேவைப்பட்டது.

இந்தச் சமையற்கூடக் கதையை நான் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் ஒன்றில் சொன்னேன். நல்லது என்று நாம் முடிவு செய்வதற்கும் வேண்டும் என்று அவர்கள் கேட்பதற்கும் இடையில் இருக்கும் தூரத்தை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

மிட்டாய் வேண்டாம் என்ற சிறுமிகள்

முதல் கிறிஸ்துமஸ் அன்று அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். சில சிறுமிகள் வாங்க மறுத்துவிட்டனர். காரணம் கேட்டபோது, தாங்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை செய்வதாகவும், மிட்டாயைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றும் சொன்னார்கள். பண்டிகை விற்பனைக்காக ஆறு வாரங்களாகக் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை அந்தச் சிறுமிகள் வேலை பார்த்திருந்தார்கள்.

அதே குளிர்காலத்தில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒரே இயந்திரத்தில் மூன்று சிறுவர்கள் காயம்பட்டனர். அவர்களில் ஒருவன் இறந்தான். சில டாலர் செலவில் ஒரு தடுப்பு பொருத்தியிருந்தால் விபத்து நடந்திருக்காது. முதலாளிகள் எதுவும் செய்யவில்லை. பிள்ளையின் கவனக்குறைவால் நேரும் விபத்துக்கு இழப்பீடு கேட்க மாட்டோம் என்று பெற்றோரிடம் முன்பே கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள்.

1891-ன் இறுதியில் ஃபுளோரன்ஸ் கெல்லி என்பவர் தம் மூன்று குழந்தைகளுடன் சிகாகோ வந்து ஹல் ஹவுஸில் தங்கினார். தையல் வேலை வீடு வீடாகக் குறைந்த கூலிக்குக் கொடுக்கப்படும் முறையை அவர் நேரில் ஆராய்ந்தார். காற்றோட்டம் இல்லாத அறைகளில் பெண்களும் குழந்தைகளும் துணி தைப்பதை எழுதிப் பதிவு செய்தார். அந்த ஆதாரங்கள் சட்டமன்றம் வரை சென்றன. 1893-ல் இலினாய் மாநிலத்தில் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 14 வயதுக்கு உட்பட்டவர்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது. பெண்களுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. அந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் தலைமை ஆய்வாளராகக் கெல்லியையே ஆளுநர் ஆல்ட்கெல்டு நியமித்தார். மே தினத்தின் வரலாற்றோடு பிணைந்த 1886 ஹேமார்க்கெட் நிகழ்வில் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த மூவருக்கு 1893-ல் பொதுமன்னிப்பு வழங்கியவரும் இவரே. தொழிற்புரட்சிப் பாடத்தில் இந்த இரண்டையும் இணைத்துச் சொல்லலாம்.

8 மணி நேர விதியை 1895-ல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதன் பிறகும் அவர்கள் ஓயவில்லை. 1899-ல் சிகாகோவில் அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் அமைந்தது. அதற்காக உழைத்தவர்களில் ஹல் ஹவுஸில் தங்கியிருந்த ஜூலியா லாத்ரொப் ஒருவர். 1912-ல் அமெரிக்க அரசு குழந்தைகள் நலத்துக்கென ஒரு தனித் துறையை அமைத்தபோது அதன் முதல் தலைவராகவும் அவரே பொறுப்பேற்றார். மிட்டாயை மறுத்த சிறுமிகளின் தெருவில் வாழ்ந்தவர்கள், நாடு முழுவதற்குமான குழந்தைகள் நலப் பணிக்குத் தலைமை ஏற்கும் நிலைக்கு உயர்ந்தார்கள்.

கணக்கெடுத்தார்கள், வரைந்தார்கள்

1893-ல் அரசின் தொழிலாளர் துறைக்காகக் கெல்லி தலைமையில் அப்பகுதி வீடு வீடாகக் கணக்கெடுக்கப்பட்டது. கேட்ட கேள்விகள் எளியவை. எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள்? குடும்பத்தில் எத்தனை பேர்? வாரக் கூலி எவ்வளவு? கிடைத்த விடைகளை ஹல் ஹவுஸில் இருந்தவர்கள் வண்ண வரைபடங்களாக மாற்றினர். ஒவ்வொரு வீட்டு மனைக்கும் ஒரு நிறம். வாரம் 5 டாலர் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்குக் கறுப்பு, 20 டாலருக்கு மேல் என்றால் மஞ்சள். இடைப்பட்ட வருமானங்களுக்கு நீலம், சிவப்பு, பச்சை. இன்னொரு வரைபடத்தில் எந்த நாட்டவர் எங்கே வாழ்கிறார்கள் என்று காட்டினர். மிகச் சிறிய அந்த நிலப்பரப்பில் 18 நாட்டவர் இருந்தனர். 1895-ல் இவை கட்டுரைகளோடு நூலாக வெளிவந்தன. லண்டனில் சார்லஸ் பூத் வரைந்த வறுமை வரைபடங்கள் இவற்றுக்கு முன்மாதிரி.

அதே 1895-ல் ஜேன் ஆடம்ஸ் தம் வார்டின் குப்பை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். குப்பை அள்ளும் குத்தகைக்காரர்கள் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று புகார் அளித்து அளித்துச் சலித்துப்போய், அந்தக் குத்தகைக்குத் தாமே விண்ணப்பித்தார். குத்தகை கிடைக்கவில்லை, ஆய்வாளர் வேலை கிடைத்தது. ஆண்டுக்கு 1,000 டாலர் ஊதியம். விடியற்காலை 6 மணிக்கே எழுந்து குப்பை வண்டிகளின் பின்னால் அவரும் தோழியரும் சென்றார்கள். ஒரு குறுகிய தெருவில் குப்பையையும் மண்ணையும் அள்ள அள்ள, ஒன்றரை அடி ஆழத்தில் கல் பாவிய சாலை ஒன்று தென்பட்டது. அப்படி ஒரு சாலை இருந்ததையே அத்தெருவில் இருந்தவர்கள் அறியவில்லை.

அறிவியல் ஆசிரியர்களுக்கும் இங்கே ஒரு செய்தி உண்டு. 1902-ல் சிகாகோவில் டைபாய்டு பரவியபோது 19-வது வார்டில் இறப்பு மிக அதிகம். ஹல் ஹவுஸில் தங்கியிருந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், திறந்த கழிப்பிடங்களில் மொய்த்த ஈக்களைப் பிடித்து ஆய்வு செய்து, அவை கிருமியைச் சுமப்பதைக் காட்டினார். அவருடைய கட்டுரை புகழ்பெற்றது. சுகாதாரத் துறையும் நடவடிக்கை எடுத்தது. பின்னர்தான் முக்கியக் காரணம் வேறு என்று தெரிந்தது. குழாய் உடைந்து கழிவுநீர் குடிநீரில் கலந்திருந்தது. இதை ஹாமில்டனே தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒரு சான்று சரியாக இருந்தாலும் அதுவே முழுக் காரணம் ஆகாது என்பதற்கு மாணவர்களிடம் சொல்லத்தக்க எடுத்துக்காட்டு இது. இவரே பின்னாளில் தொழிற்சாலை நச்சுகளை ஆராய்ந்து, 1919-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியரானார்.

ஏஞ்சலினாவும் அவள் தாயும்

ஹல் ஹவுஸ் வரலாற்றில் ஆசிரியர்கள் தவறாமல் படிக்க வேண்டிய பகுதி 1900-ல் தொடங்கிய உழைப்பு அருங்காட்சியகம். குடியேறி வந்த முதியவர்களுக்குச் சொந்த நாட்டில் கைத்தொழில் தெரியும். நூல் நூற்பார்கள், நெய்வார்கள், மண்பாண்டம் செய்வார்கள். சிகாகோவில் அந்தத் திறனுக்கு மதிப்பில்லை. பள்ளியில் ஆங்கிலம் கற்றுக்கொண்ட பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்து வெட்கப்பட்டார்கள். அந்த முதியவர்களை அழைத்து, எல்லோரும் பார்க்கும்படி அவர்களுடைய தொழிலைச் செய்துகாட்டச் சொன்னார் ஜேன் ஆடம்ஸ்.

ஏஞ்சலினா என்ற இத்தாலியப் பெண் சனிக்கிழமை மாலைகளில் ஹல் ஹவுஸுக்குச் சமையல் வகுப்புக்கு வருவாள். அவள் தாய் அதே நேரத்தில் அருங்காட்சியகத்தில் தக்ளி போன்ற கைக்கதிரில் நூல் நூற்பார். தாயை முன்வாசலில் விட்டுவிட்டு மகள் சுற்றிக்கொண்டு வேறு வாசலில் நுழைவாள். தலையில் துணி கட்டி, முரட்டுக் காலணி போட்ட அந்தக் கிராமத்துப் பெண்ணைத் தன் தாய் என்று தோழிகள் அறிந்துவிடக் கூடாது என்ற தவிப்பு.

ஒரு மாலை தன் தாயைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று வியந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். வந்தவர்கள் பல்கலைக்கழகக் கல்வியியல் பள்ளியைச் சேர்ந்தவர்கள். அமெரிக்காவிலேயே சிறந்த நூற்பாளர் என் தாய்தானா என்று ஜேன் ஆடம்ஸிடம் கேட்டாள். அவர் அந்தத் தாய் வாழ்ந்த கிராமத்தைப் பற்றியும், அந்தத் திறனை விட்டுவிட்டுப் பெருநகரில் பிழைப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பற்றியும் பேசினார். அதன் பிறகு, நாகரிகமாக இல்லை என்று பெட்டிக்குள் மறைத்து வைத்திருந்த கைநெசவு உடைகளை வெளியே எடுக்க மகள் சம்மதித்தாள். தாய் நுழைந்த அதே வாசல் வழியாக அவளும் வந்தாள்.

1905 முதல் 1909 வரை ஜேன் ஆடம்ஸ் சிகாகோ கல்வி வாரியத்தின் உறுப்பினராக இருந்தார். 1908-ல் அமெரிக்க ஆசிரியர்களின் தேசிய மாநாட்டில் பேசியபோது, பள்ளி தன்னையறியாமல் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவிடும் ஆபத்தைச் சுட்டிக்காட்டினார். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் நமக்கு இது இன்றும் பொருந்தும்.

பம்பாய்க்கு வந்த வழி

இந்த இயக்கம் இந்தியாவுக்கும் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்த கிளிஃபோர்டு மான்ஷார்ட் 1920-களில் பம்பாயின் நாக்பாடா பகுதியில் ஓர் அக்கம்பக்க இல்லத்தைத் தொடங்கினார். ஆலைத் தொழிலாளர்களும் பல மதத்தவரும் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. சமூகப் பணிக்கு இரக்கம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்ற அவருடைய எண்ணத்திலிருந்து 1936-ல் சர் தொராப்ஜி டாட்டா சமூகப் பணிப் பள்ளி பிறந்தது. அவரே அதன் முதல் இயக்குநர். இன்று மும்பையில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதன் வளர்ச்சியே.

1931-ல் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் சென்ற காந்தியடிகள் தங்கியதும் இத்தகைய ஓர் இடத்தில்தான். கிழக்கு லண்டனில் மியூரியல் லெஸ்டர், டோரிஸ் லெஸ்டர் சகோதரிகள் நடத்திய கிங்ஸ்லி ஹாலில் அவர் ஏறத்தாழ 12 வாரங்கள் தங்கினார். விடுதி வேண்டாம், ஏழைகளுக்கு நடுவே இருக்கிறேன் என்று அவர் தேர்ந்தெடுத்த இடம் அது.

நம் பள்ளியில் செய்யக்கூடியவை

ஏஞ்சலினாவின் கதையைப் படித்த பிறகு, கணித ஆசிரியருடன் சேர்ந்து எங்கள் பள்ளியில் ஒரு பாடவேளையை மாற்றி அமைத்தோம். வகுப்பில் பெற்றோர் தொழில் என்ற இடத்தில் பலரும் 'கூலி' என்று எழுதியிருந்தார்கள். கூலி என்பது வாங்கும் சம்பளம். செய்யும் வேலைக்குத் தனிப் பெயர் உண்டு அல்லவா என்று கேட்டோம். கொத்தனார், பெயிண்டர், பூக்கட்டுபவர், தேங்காய் உரிப்பவர் என்று பெயர்கள் வந்தன. ஒரு மாணவனின் தந்தையான கொத்தனாரை அழைத்தோம். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க டீச்சர், நான் வந்து என்னத்தச் சொல்றது?" என்றார். "வீட்டுக்கு மூலை எப்படிப் பிடிப்பீங்கன்னு மட்டும் பிள்ளைங்களுக்குக் காட்டுங்கண்ணே" என்றோம்.

மறுவாரம் நூல், ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். பள்ளி மைதானத்தில் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறி வைத்தார். குறுக்கே நூல் பிடித்தார். "இது சரியா 5 அடி வந்தா மூலை சுத்தமா இருக்குன்னு அர்த்தம்" என்றார். பிதாகரஸ் தேற்றத்தை மனப்பாடம் செய்திருந்த வகுப்பு அமைதியாகப் பார்த்தது. அவருடைய மகன் நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இதில் ஓர் எச்சரிக்கை தேவை. பெற்றோரின் உழைப்பை மதிப்பது வேறு, அந்த உழைப்போடு குழந்தையைக் கட்டிப்போடுவது வேறு. 1953-ல் அரைநாள் பள்ளித் திட்டம் நம் மாநிலத்தில் ஏன் அவ்வளவு எதிர்ப்பைச் சந்தித்து மறு ஆண்டே கைவிடப்பட்டது என்பதை நாம் அறிவோம். எனவே எந்தக் குழந்தையின் குடும்பத் தொழிலையும் அதன் விருப்பமின்றி வகுப்பில் சொல்ல வைக்கக் கூடாது. சாதியோடு சேர்த்து இழிவாகப் பார்க்கப்படும் தொழில்கள் விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பெற்றோரிடம் முதலில் தனியாகக் கேட்க வேண்டும்.

வேறு இரண்டு செயல்பாடுகளையும் முயன்று பார்க்கலாம்.

தெரு வரைபடம்: எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் குழுவாகத் தங்கள் தெருவை வரையட்டும். தெருக்குழாய், விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டி, நூலகம், விளையாடும் இடம், மதுக்கடை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நிறம். வீடுகளின் வருமானத்தைக் கேட்க வேண்டாம். அது பிள்ளைகளைப் புண்படுத்தும். எது இருக்கிறது, எது இல்லை என்பதே போதும். வரைபடத்தைக் கொண்டு உள்ளாட்சிக்கு ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதினால் தமிழ்ப் பாடமும் சேர்ந்துவிடும்.

வராத குழந்தையின் நாள்: ஒரு மாணவர் அடிக்கடி விடுப்பு எடுத்தால், காரணத்தை விசாரிக்கும்போது அவருடைய ஒரு நாளைக் காலை முதல் இரவு வரை மணிவாரியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததா, தண்ணீர் பிடிக்கும் நேரமா, தாயின் வேலை நேரமா என்று அதில் தெரிந்துவிடும். மேசைக் காலில் கட்டப்பட்ட குழந்தையின் கதை நமக்குச் சொல்வதும் இதுதான்.

அந்த வீடு இன்று

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் ஹல் ஹவுஸ் 13 கட்டடங்கள் கொண்ட வளாகமாக வளர்ந்தது. நாடக அரங்கு, இசைப் பள்ளி, உடற்பயிற்சிக்கூடம், நூலகம் எல்லாம் அங்கே இருந்தன. ஜாஸ் இசைக் கலைஞர் பென்னி குட்மன் சிறுவனாக அங்கே பயின்றவர். இன்று நாம் பயிற்சி முகாம்களில் பயன்படுத்தும் நாடக விளையாட்டுகளை உருவாக்கிய வயோலா ஸ்போலின், அங்கே நெவா பாய்டிடம் பயிற்சி பெற்றவர். ஜேன் ஆடம்ஸுக்கு 1931-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1935-ல் மறைந்தார்.

1960-களில் பல்கலைக்கழக வளாகம் ஒன்று கட்டுவதற்காக அந்தப் பகுதியையே இடித்தார்கள். புளோரன்ஸ் ஸ்கேலா என்ற அப்பகுதிப் பெண் தலைமையில் மக்கள் போராடினார்கள். ஆனாலும் பெரும்பாலான கட்டடங்கள் இடிக்கப்பட்டன. பழைய மாளிகையும் உணவுக்கூடமும் மட்டும் எஞ்சி, அருங்காட்சியகமாக இருக்கின்றன. வேறு இடங்களில் பணியைத் தொடர்ந்த ஹல் ஹவுஸ் சங்கம் நிதி இல்லாமல் 2012 ஜனவரியில் மூடப்பட்டது.

மாணவர்களுடன் விவாதிக்கச் சில வினாக்கள்:

1. ரொட்டி கொடுத்துவிட்டுப் போவதற்கும் பக்கத்து வீட்டில் வந்து வாழ்வதற்கும் என்ன வேறுபாடு?

2. சத்துணவுச் சமையற்கூடம் ஏன் தோற்றது? காபிக் கடை ஏன் வெற்றி பெற்றது?

3. குழந்தைத் தொழிலைத் தடுக்கச் சட்டம் மட்டும் போதுமா? பள்ளியில் இருக்கைகள் இல்லாத ஊரில் அந்தச் சட்டம் என்ன செய்யும்?

4. உங்கள் தெருவில் யாருக்கும் தெரியாமல் இருக்கும் திறன் யாரிடம் உள்ளது?

நான்காவது வினாவை வீட்டுப்பாடமாகக் கொடுத்துப் பாருங்கள். அதற்கு வரும் விடைகளில் சிலரையாவது அடுத்த மாதமே வகுப்பறைக்கு அழைக்க முடியும். பாட்டியோ, தையல்காரரோ, கொத்தனாரோ, வருகிறவருக்கு ஒரு நாற்காலி போட்டு, அவர் பேசும்போது நாமும் மாணவர்களோடு உட்கார்ந்து குறிப்பெடுப்போம்.